எழுத்தோடு மல்லாடும் பிள்ளைகள்

படிப்பு ஏறாத பிள்ளைக்குச் சூட்டுவதற்கு நம் வீடுகளில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. சோம்பேறி, மண்டு, விளையாட்டுப் புத்திக்காரன், செல்லம் கொடுத்துக் கெட்டவன் என்று ஆளுக்கொரு பெயர் வைப்பார்கள். ஆனால் இப்பெயர்களுள் எதற்கும் அடங்காத பிள்ளைகள் சிலர் உண்டு. கேட்ட கதையை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்வார்கள். கடைக்கு அனுப்பினால் சில்லறை ஒரு ரூபாய் குறையாது. வீட்டில் பழுதான மின்விசிறியைப் பிரித்துப் பூட்டும் சாமர்த்தியமும் இருக்கும். அச்சடித்த ஒரு வரியை முன்னால் வைத்தால் மட்டும் முகம் கறுத்துவிடும், தொண்டை கட்டிக்கொள்ளும், வயிற்றுவலி வந்துவிடும்.

வாசகச் சகோதரிகளே, அத்தகைய பிள்ளைகளைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன். 31 ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். ஆயினும் இப்பொருளை எனக்குக் கற்றுத் தந்தது பள்ளிக்கூடமன்று. என் மகள் வயிற்றுப் பேரன்.

மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டிற்கு நான்கு வீடு தள்ளி அவர்கள் வசிக்கிறார்கள். மருமகன் தம்மாமில் வேலை பார்க்கிறார். பேரன் முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் இருக்கவேண்டிய காலத்தைக் கொரோனா விழுங்கிவிட்டது. தமிழகத்தில் 2021 நவம்பர் முதல் நாள்தான் சிறு வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தார்கள். ஆகவே அவன் மூன்றாம் வகுப்பிற்கு வந்தும் வாசிக்கவில்லை என்றபோது, "ரெண்டு வருஷம் பள்ளிக்கூடமே இல்லையே, எந்தப் பிள்ளைதான் வாசிக்குது?" என்று எல்லோரும் சொன்னார்கள். அது நியாயமான பேச்சுதான். ஆனால் அவனோடு சேர்ந்து அதே இரண்டாண்டை இழந்த தெருப்பிள்ளைகள் எட்டு மாதத்தில் தேறிவிட்டார்கள். அவன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். ஒரே மழை, ஒரே வயல், ஒரு பாத்தி மட்டும் முளைக்கவில்லை என்றால் விதைத்தவன் மண்ணைத் தோண்டிப் பார்க்கவேண்டுமல்லவா?

முதலில் தோண்டிப் பார்த்தவர் பள்ளி ஆசிரியை அல்லர். அஸருக்குப் பின் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் உஸ்தாது அவர்கள்தாம். ஒருநாள் மாலை அவரே வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். "உம்மா, உங்கள் பேரன் நன்றாக ஓதுகிறான் என்றுதான் இத்தனை நாள் எண்ணியிருந்தேன். இன்று அவன் கிதாபில் ஒரு பக்கத்தைத் தள்ளித் திருப்பி வைத்தேன். அவன் விரல் புதிய பக்கத்தில் நகர்கிறது; வாய் பழைய பாடத்தைச் சொல்கிறது. இவன் ஓதவில்லை, ஒப்பிக்கிறான். காது கூர்மை, கண்ணுக்கும் எழுத்துக்கும்தான் ஏதோ சண்டை" என்றார். அடித்து ஓதவைக்கும் காலம் மலையேறிவிட்டது என்றாலும், இத்தனை நுட்பமாக ஒரு பிள்ளையைக் கவனிக்கும் ஆசிரியர் எத்தனை பேர்?

வீட்டில் அன்று தொடங்கிய விவாதம் பல வாரம் நீடித்தது. சம்மந்தி அம்மாள் கண்ணேறு என்றார். தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். அதில் எனக்கு மறுப்பேதுமில்லை. மருந்தும் துஆவும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. மருமகனின் காக்காவோ, "எழுத்து வராவிட்டால் என்ன? பத்து வயதானதும் என் கடையில் நிற்கட்டும். நம் குடும்பத்தில் யார் படித்துச் சம்பாதித்தார்கள்?" என்றார். அவர் அன்பால் சொன்னார் என்பதை நான் அறிவேன். என் மகள் மட்டும் ஒன்றும் பேசவில்லை. இரவில் அவள் பிள்ளையின் பழைய நோட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். சிவப்பு மையால் 'கவனம் தேவை' என்று எழுதாத பக்கமே அவற்றில் இல்லை.

இதன் பெயர் டிஸ்லெக்ஸியா. வாசிப்புக் குறைபாடு என்றும், பொதுப்படக் கற்றல் குறைபாடு என்றும் தமிழில் வழங்குகிறோம். டிஸ்லெக்ஸியா என்ற சொல்லை 1880-களில் உருவாக்கியவர் ருடால்ஃப் பெர்லின் என்னும் ஜெர்மானியக் கண் மருத்துவர். பிள்ளைகளிடத்தில் இது பிறவியிலேயே அமையக்கூடும் என்று 1896 நவம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியவர், இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பகுதியைச் சேர்ந்த பிரிங்கிள் மார்கன் என்னும் மருத்துவர். அவர் கண்ட சிறுவன் பெர்ஸிக்கு 14 வயது. புத்திசாலி, விளையாட்டில் சளைத்தவனல்லன், கணக்கும் வரும். தன் பெயரையே எழுத்து மாற்றி 'பிரெஸி' என்று எழுதினான். பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினாராம். நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. கடல் கடந்த அந்தப் பெர்ஸியை மேலப்பாளையத்தில் வைத்துப் பார்த்தது போலிருந்தது எனக்கு.

எழுத்துகள் தலைகீழாகத் தெரிவதுதான் டிஸ்லெக்ஸியா என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். அப்படியன்று. ஆங்கிலத்தில் 'பி', 'டி' சிற்றெழுத்துகளை மாற்றி எழுதுவது ஐந்தாறு வயதில் எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். குறை பெரும்பாலும் கண்ணில் இல்லை. பேச்சின் ஒலிகளைப் பிரித்தறிந்து, ஒவ்வோர் ஒலியையும் அதற்குரிய எழுத்தோடு முடிச்சுப் போடும் மூளையின் வேலையில்தான் இருக்கிறது. அறிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. குடும்பங்களில் வழிவழியாக வருவதும் உண்டு. எல்லைக்கோட்டை எங்கே வரைகிறோம் என்பதைப் பொறுத்து, நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அப்படியானால் நாற்பது பேர் உள்ள ஒரு வகுப்பில் இரண்டு பேராவது, சில வகுப்புகளில் நான்கு பேர்கூட இருப்பார்கள்.

எங்கள் காலத்து ஆசிரியர் பயிற்சியில் இச்சொல்லே கிடையாது. சென்னையில் டிஸ்லெக்ஸியா சங்கம் ஒன்று 1990-களின் தொடக்கத்தில்தான் தோன்றியது. 2007-இல் வந்த 'தாரே ஸமீன் பர்' இந்திப் படத்திற்குப் பின்னரே நம் பெண்கள் பலர் இதை அறிந்தனர். அந்தப் படம் நன்மை செய்தது, மறுக்கவில்லை. ஆனால் இத்தகைய பிள்ளை ஒவ்வொன்றினுள்ளும் ஓர் ஓவியன் ஒளிந்திருக்கிறான் என்ற எண்ணத்தையும் அது விதைத்துவிட்டது. என் பேரனுக்கு ஒரு வாழைப்பழம்கூட வரைய வராது. அதனால் அவன் தாழ்ந்துவிடவில்லை. சிறப்புத் திறமை இருந்தால்தான் ஒரு பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்போமா என்ன?

நம் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு சுமையும் உண்டு. தமிழ், ஆங்கிலம், அரபி என மூன்று எழுத்து முறைகளை ஏறக்குறைய ஒரே வயதில் சந்திக்கிறார்கள். அரபி வலமிருந்து இடமாகச் செல்லும். இந்தக் குழப்பத்தால்தான் நோய் வந்தது என்று ஒரு பெரியவர் என்னிடம் வாதிட்டார். பல மொழி கற்பதால் டிஸ்லெக்ஸியா வருவதில்லை. இருக்கும் குறை மூன்று எழுத்திலும் மூன்று விதமாகத் தலைகாட்டும், அவ்வளவே.

ஆங்கிலத்தின் தொல்லை எல்லோரும் அறிந்தது. 'த்ரூ', 'ரஃப்', 'தோ' என்னும் மூன்று சொற்களிலும் ஓ-யூ-ஜி-எச் என்ற அதே நான்கு எழுத்துகள்தாம், ஒலியோ மூன்று. தமிழ் அப்படியன்று, எழுதியபடியே வாசிக்கலாம் என்று பெருமைப்படுகிறோம். பெரும்பாலும் உண்மைதான். ஆயினும் பிள்ளையின் இடத்திலிருந்து பார்த்தால் நம் எழுத்திலும் கற்கள் கிடக்கின்றன. எழுத்து 247. 'கொ' என்பதை இடமிருந்து வலமாகப் பார்க்கும் பிள்ளை முதலில் கொம்பைச் சந்திக்கிறது, பிறகு ககரத்தை, பிறகு காலை; வாயிலோ 'க்' முதலில் வந்து 'ஒ' பின்னால் வருகிறது. 'கல்', 'பகல்', 'தங்கம்' என்னும் மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. 'ஔ' என்பதன் பின்பாதி ளகரமா இல்லையா என்று ஒரு பிள்ளை கேட்டால் பதில் சொல்ல ஆசிரியர்களே தடுமாறுகிறோம். இவற்றோடு, வீட்டில் 'வாங்கிட்டு வந்தேன்' என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் 'வாங்கிக்கொண்டு வந்தேன்' என்று வாசிக்கவேண்டியிருக்கிறது. இவை எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ள கற்கள்தாம். மற்றப் பிள்ளைகள் தாண்டிவிடுகின்றன; இப்பிள்ளைகள் ஒவ்வொன்றிலும் இடறுகின்றன. தமிழில் பிழையைவிட வேகக்குறைவே இவர்களிடம் பெரிதாகத் தெரியும். ஒரு வரியின் கடைசிச் சொல்லை எட்டும்போது முதற்சொல் மறந்து போயிருக்கும்.

திருநெல்வேலியில் ஓர் உளவியலாளரிடம் அழைத்துச் சென்றோம். அவர் செய்த முதல் வேலை எங்களைத் திருப்பி அனுப்பியதுதான். கண், காது இரண்டையும் பரிசோதித்து வரச் சொன்னார். அது முடிந்தபின் இரண்டு நாள் காலை நேரங்களில் பிள்ளையோடு உட்கார்ந்தார். மருத்துவமனையில் ஊசி குத்துவதுபோல் ஒரே குத்தில் முடியும் சோதனை அன்று இது. இரத்தத்தை எடுத்தோ, படம் பிடித்தோ டிஸ்லெக்ஸியாவைக் கண்டுபிடிக்க இயலாது.

நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பொது அறிவுத்திறனுக்கான சோதனை ஒன்று இருந்தது. பிள்ளையின் சிந்தனைத் திறனில் குறையில்லை என்று உறுதி செய்வதற்காக. பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் நம் நாட்டுப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய சோதனைத் தொகுப்பு. ஒரு தாளில் இருந்த படங்களின் பெயர்களை விரைந்து சொல்லச் சொன்னார். 'தமிகோ', 'பெலுடு' என்பன போன்ற, பொருளே இல்லாத சொற்களை வாசிக்கச் சொன்னார். எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. சிறிது யோசித்தபின் உஸ்தாது பக்கத்தைத் திருப்பி வைத்த தந்திரமும் இதுவும் ஒன்றே என்று விளங்கிற்று. பழகிய சொல்லைப் பிள்ளை உருவத்தை வைத்து ஊகித்துவிடும். பொருளற்ற சொல்லை எழுத்துக்கூட்டாமல் வாசிக்க முடியாது.

அடுத்து, "மாடு என்ற சொல்லில் முதலில் வரும் 'ம்' ஒலியை மட்டும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?" என்று கேட்டார். 'ஆடு' என்பது விடை. பேரன் "டு" என்றான். ஐந்து சொற்களில் ஐந்திலும் அப்படியே. அசையை அவனால் பிரிக்க முடிந்தது. அசைக்குள் இருக்கும் ஒலியைப் பிரிக்க முடியவில்லை. கடைசியாக ஒரு கதையை அவரே வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியான விடை. அதைவிட எளிய ஒரு பத்தியை அவனை வாசிக்கச் சொன்னார். ஒரு நிமிடத்தில் 14 சொற்கள். கேட்டுப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கும் வாசித்துத் தவிக்கும் பிள்ளைக்கும் இடையிலுள்ள அந்தத் தூரத்தைத்தான் அவர் அளந்தார். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் அளந்தார். ஒரு மொழியில் மட்டும் சோதித்துவிட்டு முடிவு சொல்பவரிடம் ஏமாற வேண்டாம் என்று சகோதரிகளுக்குச் சொல்லி வைக்கிறேன்.

அறிக்கையில் பெயர் மட்டும் இருந்திருந்தால் எங்களுக்கு அதனால் பயனொன்றும் இருந்திராது. அவனுக்கு எந்தெந்த ஒலி பிரியவில்லை, எந்தக் குறில் நெடில் மயங்குகிறது, எங்கிருந்து கற்பித்தலைத் தொடங்கவேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தார். சோதனை என்பது அதற்காகத்தான். 

இனி கற்பித்தல். இதற்கு மருந்தோ மாத்திரையோ இல்லை. ஞாபக சக்தி லேகியம், மூளைப் பயிற்சி வகுப்பு, வண்ணக் கண்ணாடி என்று எத்தனையோ பேர் எங்களிடம் பரிந்துரைத்தார்கள். வண்ணக் கண்ணாடியும் கண் பயிற்சியும் டிஸ்லெக்ஸியாவைத் தீர்ப்பதற்குச் சான்றில்லை என்று 2009-லேயே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் கண் மருத்துவர் கழகமும் கூட்டாக அறிவித்துவிட்டன. ஆயினும் அவை இன்றும் விற்பனையாகின்றன. தாயின் கண்ணீரைக் காசாக்கும் கடைகளுக்கு எந்த ஊரிலும் குறைவில்லை.

பயன் தரும் வழி ஒன்றுதான்: முறையாகக் கற்பிப்பது. 1925-இல் சாமுவேல் ஆர்ட்டன் என்னும் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் இப்பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அவரோடு பணிபுரிந்த அன்னா கில்லிங்ஹாம் என்னும் கல்வியாளர், பெஸ்ஸி ஸ்டில்மன் என்ற ஆசிரியையோடு சேர்ந்து, 1930-களில் கற்பிக்கும் முறையொன்றை வகுத்தார். அந்த மரபில் வந்த முறைகளுக்கெல்லாம் பொதுப்பெயராகக் 'கட்டமைந்த எழுத்தறிவு' என்னும் பொருள்படும் சொல்லைப் பன்னாட்டு டிஸ்லெக்ஸியா சங்கம் 2014-இல் ஏற்றுக்கொண்டது. பெயர் பெரிதாக இருக்கிறது. சாரம் எளிது. எதையும் பிள்ளை தானாக ஊகித்துக்கொள்ளும் என்று விட்டுவிடாமல் வெளிப்படையாகச் சொல்லித் தருவது; எளியதிலிருந்து கடினத்துக்கு வரிசை தவறாமல் செல்வது; பழையதைத் தினமும் திருப்பிப் பார்ப்பது; ஒன்று கைவசப்பட்டதை அளந்து பார்த்த பின்னரே அடுத்ததைத் தொடுவது.

வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம் சிறப்பாசிரியை ஒருவர் வந்தார். முதல் ஒரு மாதம் அவர் பாடப்புத்தகத்தைத் திறக்கவேயில்லை. எங்கள் வீட்டுப் புளியங்கொட்டைகளைக் கழுவிக் காயவைத்து ஒரு பெட்டியில் போடச் சொன்னார். 'மாடு' என்று சொல்லிக்கொண்டே, 'ம்' என்று ஒரு கொட்டையை நகர்த்தவேண்டும். 'ஆ' என்று ஒன்று. 'ட்' என்று ஒன்று. 'உ' என்று ஒன்று. காற்றில் மறையும் ஒலி கைக்கு அகப்பட்டது. பிறகு தாம்பாளத்தில் மணலைப் பரப்பி, விரலால் எழுதிக்கொண்டே வாயால் ஒலியைச் சொல்லவேண்டும். கண், காது, வாய், கை நான்கும் ஒரே வேளையில் ஒரே எழுத்தில். அமெரிக்காவில் வகுத்த முறை என்றார்கள். எங்கள் பாட்டனார் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதிப் பழகியதாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன், மனத்துக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஆனால் திண்ணைப் பள்ளியில் இல்லாத ஒன்று இங்கே இருந்தது, அதுதான் வரிசை. லகரம் உறுதிப்பட்டு மூன்று வாரம் கழித்தே ளகரம் வந்தது. ழகரம் அதற்கும் பின்னால். ந, ன, ண மூன்றையும் அவர் ஒருநாளும் சேர்த்துக் காட்டவில்லை. ககரம் சொல்லின் முதலிலும், இரட்டித்து வரும்போதும் வல்லோசை. 'ங்'-ஐ அடுத்தால் மெல்ல ஒலிக்கும். இரு உயிரொலிகளுக்கு நடுவில் இன்னும் தளர்ந்து ஒலிக்கும் என்று விதியாகவே சொல்லித் தந்தார். மற்றப் பிள்ளைகள் அறியாமலே கற்றுக்கொள்வதை இவனுக்கு அறிந்தே கற்கவேண்டியிருந்தது. 'கொ' வரும்போது கொம்பின்மேல் விரலை வைத்து, "இது நிற்கும் இடம் முன்னால், ஒலிக்கும் இடம் பின்னால்" என்று சொல்லவைத்தார்.

வாசிப்பதற்கும் அவர் தம் கையாலேயே சிறு கதைகளை எழுதி வந்தார். அதுவரை கற்பித்த எழுத்துகள் மட்டுமே அவற்றில் இருக்கும். எனவே ஊகிக்க இடமில்லை, தோற்கவும் இடமில்லை. முதற்கதையை அவன் முழுவதும் வாசித்து முடித்த அன்று ஏழு வரிகள்தாம். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தான். யாரும் சொல்லாமலே மூன்றாம் முறையும் வாசித்தான். அன்றிரவு தம்மாமுக்குத் தொலைபேசியில் அதை வாசித்துக் காட்டினான். மருமகன் மறுமுனையில் நெடுநேரம் பேசவில்லை.

சனிக்கிழமைதோறும் ஒரு நிமிட வாசிப்பு. சரியாக வாசித்த சொற்களை எண்ணி, கட்டமிட்ட தாளில் ஒரு புள்ளி. ஜூனில் 14, செப்டம்பரில் 19, டிசம்பரில் 33. நடுவில் அக்டோபரில் நான்கு வாரம் புள்ளி ஏறவேயில்லை. ஆசிரியை பிள்ளையைக் குறை சொல்லவில்லை, பாடத்தைத் திருத்தினார். புதிய எழுத்துகளை நிறுத்திவிட்டு, மெய்யெழுத்து இரட்டிக்கும் சொற்களுக்குத் திரும்பிச் சென்றார். மாதாந்திரத் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் நாம் பிள்ளையைத் திட்டுகிறோம். புள்ளி ஏறாவிட்டால் கற்பிப்பவர் தம் முறையை மாற்றவேண்டும் என்பது எனக்கு மிகவும் பிடித்த பாடமாக அமைந்தது.

உஸ்தாது அவர்களும் சும்மா இருக்கவில்லை. சிறப்பாசிரியையின் முறையை என்னிடம் விளக்கமாகக் கேட்டுவிட்டு, "இது நம் ஹிஜ்ஜே அல்லவா?" என்றார். உண்மைதான். தனி எழுத்து, பிறகு கூட்டெழுத்து, பிறகு ஸபர், ஜேர், பேஷ், பிறகு ஸுக்கூன், ஷத்து என்று ஒவ்வொன்றாக ஏறி, ஒவ்வோர் எழுத்தையும் ஒலியோடு கூட்டிச் சொல்லவைக்கும் பழைய காயிதா முறையும் படிமுறையாகக் கட்டப்பட்டதுதான். கூட்டமாக ராகம் போட்டு ஓதும்போதுதான் அதன் பயன் கெடுகிறது. எழுத்தறியாத பிள்ளை ராகத்தில் மறைந்துகொள்கிறது. அவர் பேரனைத் தனியே உட்காரவைத்தார். 'பே', 'தே', 'ஸே' மூன்றுக்கும் வடிவம் ஒன்று, புள்ளிகளே வேறு என்பதால், கரும்பலகையில் புள்ளிகளை மட்டும் சிவப்புச் சுண்ணக்கட்டியால் இட்டார். மற்றப் பிள்ளைகள் சிரித்தபோது, திக்கித் திணறி ஓதுபவருக்கு இரட்டைக் கூலி உண்டு என்ற நபிமொழியை எடுத்துச் சொல்லி, "உங்களுக்கெல்லாம் ஒன்றுதான்" என்றாராம். பேரன் வீட்டிற்கு வந்து இதை என்னிடம் பெருமையாகச் சொன்னான்.

பள்ளியில் வேறு கதை. அது எந்தப் பள்ளி என்பது இங்கு வேண்டாம். அறிக்கையைக் கொண்டு சென்ற மகளிடம், "எங்களிடம் சிறப்பாசிரியர் இல்லை, பிள்ளைக்கு ஏற்ற வேறு பள்ளியைப் பாருங்கள்" என்றார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகையாக இருந்த பட்டியல் இதில் 21 ஆயிற்று. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் இக்குறைபாட்டை இயன்றவரை விரைவில் கண்டறிந்து உரிய கற்பித்தல் முறைகளைக் கையாளவேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உள்ளது. மூன்றாம் வகுப்பிலோ எட்டு வயதிலோ, எது முந்தியதோ அப்போது ஆசிரியர்களே முதற்கட்டச் சோதனை செய்யவேண்டும் என்று மத்திய அரசு 2018 ஜனவரியில் வழிகாட்டுதலும் வெளியிட்டது. இவற்றை ஒரு தாளில் எழுதி நானே எடுத்துச் சென்றேன். ஓய்வு பெற்ற ஆசிரியை என்பதால் உட்காரவைத்துக் கேட்டார்கள். அந்த மரியாதை எல்லாத் தாய்மாருக்கும் கிடைப்பதில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அரசுச் சான்றிதழ் பெறுவதில்தான் வீட்டில் பெரும் பிணக்கு. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், விடையை எழுதித்தர ஓர் ஆள், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகளைக் கோரலாம். விவரங்களை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டறியலாம். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் நேரில் கேட்பதே நல்லது. ஆனால் "மாற்றுத்திறனாளி என்ற சொல்லை என் பிள்ளையின் பெயரோடு சேர்ப்பதா? நாளை பெண் கேட்டுப் போனால் இதுவல்லவா முன்னால் நிற்கும்?" என்று மருமகன் மறுத்தார். மகளும் அவர் பக்கமே சாய்ந்தாள். என் கருத்து நேர்மாறானது. மறைத்து வைத்த குறையைவிட எழுதி வைத்த குறை பிள்ளையைக் குறைவாகவே வாட்டும் என்று நான் எண்ணுகிறேன். ஏழு மாதம் இது இழுபறியாக நின்றது.

முடித்து வைத்தவன் பேரன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். ஒருநாள், "பெத்தும்மா, அந்தத் தாள் இருந்தா டீச்சர் என்னை எல்லார் முன்னாலயும் எந்திரிச்சு வாசிக்கச் சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டான். மகள் அடுத்த வாரமே விண்ணப்பம் வாங்கி வந்தாள்.

ஒன்று சொல்லவேண்டும். சிறப்பாசிரியைக்கு மாதந்தோறும் கொடுக்க மருமகனின் வெளிநாட்டுச் சம்பளம் இருந்தது. எங்கள் தெருவில் பீடி சுற்றும் வீடுகளில் அதற்கு வழியில்லை. அங்கும் இப்பிள்ளைகள் இருக்கிறார்கள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள். ஆண்பிள்ளை வாசிக்க முடியாத கோபத்தில் அடம்பிடித்து எல்லோர் கண்ணிலும் படுகிறான். பெண்பிள்ளை வாய்மூடி அமர்ந்து, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதி, எட்டாம் வகுப்பு வரை வந்துவிடுகிறாள். பிறகு 'படிப்பு வரவில்லை' என்று நின்றுவிடுகிறாள். இலைத்தட்டு மடிக்கு வந்துவிடுகிறது. தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பித்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அரும்பிலேயே ஆண்டு முழுவதும் நிற்கும் பிள்ளை ஏன் நிற்கிறது என்று கேட்க ஒருவர் வேண்டும். நம் ஜமாஅத்துகள் மாலை நேர டியூஷனுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை, இரண்டு ஆசிரியைகளை இம்முறையில் பயிற்றுவிக்கச் செலவிட்டால் எத்தனையோ பிள்ளைகள் பிழைக்கும். உஸ்தாதுமார்களுக்கும் அந்தப் பயிற்சியைக் கொடுக்கலாம். பிள்ளையை ஒருவராக உட்காரவைத்து ஓதக்கேட்கும் பழக்கம் இன்றும் அவர்களிடம்தான் இருக்கிறது.

என் மூத்த காக்கா ஒருவர் இருந்தார். கொழும்பில் கடை வைத்துச் சம்பாதித்து, மூன்று தங்கைமாரைக் கட்டிக்கொடுத்தவர். அவர் கையால் எழுதிய ஒரு கடிதம்கூட எங்கள் வீட்டில் இல்லை. எல்லாம் கணக்கப்பிள்ளை எழுதியவை. கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லி, பத்திரிகையை என்னிடம் நீட்டி வாசிக்கச் சொல்வார். அவருக்குக் கண்ணாடியே கிடையாது என்பது மௌத்தான பின்னர்தான் எங்களுக்குத் தெரிந்தது. எத்தனை வயதிலும் இம்முறையில் கற்கலாம் என்கிறார்கள். அவர் காலத்தில் சொல்ல ஆளில்லை.

பேரன் இப்போது ஆறாம் வகுப்பு. தமிழ்ப் பாடத்தை மெதுவாக, ஆனால் பிழையின்றி வாசிக்கிறான். நீண்ட பத்திகளை மகள் வாசித்துக் காட்டுகிறாள். சில பாடங்களைக் கைப்பேசியே வாசித்துவிடுகிறது. ஆங்கிலம் இன்னும் மலையாகத்தான் இருக்கிறது. எழுத்துப்பிழை போகாது, குறையும் என்று சிறப்பாசிரியை முன்கூட்டியே சொல்லிவிட்டார். கிதாபில் எந்தப் பக்கத்தைத் திருப்பி வைத்தாலும் அந்தப் பக்கத்தைத்தான் ஓதுகிறான்.

அவன் தங்கைக்கு ஐந்து வயது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தாருக்கும் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் எங்கள் கண் அவள்மேல் இருக்கிறது. சென்ற வாரம் அவளைத் திண்ணையில் உட்காரவைத்து, "மாடு, அதுல 'ம்'மை எடுத்தா என்ன வரும்?" என்று பேரன் கேட்டான். அவள் சற்று யோசித்து "டு" என்றாள். ஐந்து வயதில் அப்படிச் சொல்வதில் பிழையேதும் இல்லை என்று அவனுக்குச் சொன்னேன். அவன் கேட்கவில்லை. உள்ளே போய்ப் புளியங்கொட்டைப் பெட்டியை எடுத்து வந்தான்.